ஒரு டாலர் ஏறினால் ஒரு வருஷக் காபி காலி! செம்மநத்தம் மலையில் புரியும் பெட்ரோல் கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். நடுவில் இருப்பது 30 கிலோமீட்டர் சாலையும் 1,200 மீட்டர் ஏற்றமும்.

ஆட்களோடு சேர்த்து 10 டன் எடையுள்ள ஒரு பஸ்ஸை இந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் எவ்வளவு டீசல் வேண்டும்? பள்ளிக்கூட இயற்பியலை வைத்துக் கணக்குப் போட்டால், 9 முதல் 10 லிட்டர் வருகிறது. டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும் என்பதால் இந்த அளவு. 30 கிலோமீட்டர் ஓடுவதற்கான டீசல் தனி. இது ஏறுவதற்கு மட்டும். சமவெளியில் ஓடும் பஸ்ஸுக்கு இந்தச் செலவே கிடையாது.

அந்தப் 10 லிட்டரில் கிட்டத்தட்ட 9 லிட்டர் வெளிநாட்டில் தோண்டி எடுத்தது. இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 88 சதவிகிதம் இறக்குமதி. அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து உலகத்தில் அதிக எண்ணெய் குடிக்கும் நாடு நாம்தான். குடிக்கும் அளவுக்குத் தோண்ட நம்மிடம் இல்லை.

ஏற்காடு டவுனைத் தாண்டி செம்மநத்தம் போன்ற மலைக்கிராமங்களுக்குள் போனால், இந்தக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும். சேர்வராயன் மலையின் பிழைப்பு, காபியும் மிளகும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காபிச்செடி. அரிசி, உரம், சிமென்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் கீழேயிருந்து மேலே ஏற வேண்டும். காபியும் மிளகும் மேலேயிருந்து கீழே இறங்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் நடுவில் டீசல். தோட்டத்தில் புல் வெட்டும் மெஷினுக்கு பெட்ரோல். ஆஸ்பத்திரிக்கு, காலேஜுக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு என்று சேலத்துக்குப் போய் வர பைக்குக்கு பெட்ரோல்.

டெல்லியில் ஒவ்வொரு மாதமும் வெளியாகும் 'வர்த்தகப் பற்றாக்குறை' என்ற செய்தியை நம்மில் பலர் ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போய்விடுவோம். அதில் இருக்கும் பெட்ரோலியம் என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, இந்த மலை வரைக்கும் நடந்து பார்த்தால் என்ன?

காபி ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம்

வர்த்தகப் பற்றாக்குறை என்பது எளிமையான விஷயம். வெளிநாட்டில் வாங்கும் பொருள்களுக்கு நாம் கொடுக்கும் பணம், விற்கும் பொருள்களுக்கு நமக்கு வரும் பணத்தைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் பற்றாக்குறை.

2024-25 நிதியாண்டில் கச்சா எண்ணெய், எரிவாயு, மற்ற பெட்ரோலியப் பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்து இந்தியா இறக்குமதி செய்தது சுமார் 186 பில்லியன் டாலருக்கு. பெட்ரோலியப் பொருள்களை ஏற்றுமதி செய்து சம்பாதித்தது சுமார் 63 பில்லியன் டாலர். வித்தியாசம் 120 பில்லியன் டாலருக்கு மேல். நம்ம பணத்தில் ஏறத்தாழ 10 லட்சம் கோடி ரூபாய். தமிழ்நாடு அரசின் ஓராண்டு பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அந்த ஆண்டு நாட்டின் மொத்த சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 283 பில்லியன் டாலர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எண்ணெய் ஒன்றுக்கே.

இவ்வளவு பெரிய எண்கள் மனசில் ஒட்டாது. அதனால் மலைக்கே வருவோம்.

சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் கொண்டுவந்து நட்டார். 200 வருஷமாக இந்த மலைக்கு டாலர் கொண்டுவரும் பயிர் அதுதான். இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. கர்நாடகம் சுமார் 70 சதவிகிதம் விளைவிக்கிறது. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 5 சதவிகிதம். 2024-25-ல் காபி ஏற்றுமதியில் நாட்டுக்குக் கிடைத்தது சுமார் 1.8 பில்லியன் டாலர். இது சாதனை அளவு. உலகச் சந்தையில் காபி விலை உச்சத்தில் இருந்த வருஷம் அது.

அந்தச் சாதனைத் தொகையை எண்ணெய் பில்லுக்கு நேராக வைத்துப் பாருங்கள். 186 பில்லியனை 365 நாளுக்குப் பிரித்தால், நாள் ஒன்றுக்கு அரை பில்லியன் டாலர். கூர்க், சிக்மகளூர், வயநாடு, ஏற்காடு, தாண்டிக்குடி என்று நாடு முழுக்க வருஷம் முழுக்கப் பாடுபட்டு விளைவித்து ஏற்றுமதி செய்த காபி, நாலு நாள் எண்ணெய்க்குக்கூடக் காணாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகமாக உறைத்தது. இந்தியா ஆண்டுக்கு வாங்கும் கச்சா எண்ணெய் சுமார் 24 கோடி டன். ஒரு டன் என்பது ஏறத்தாழ 7.3 பேரல். ஒரு பேரல், 159 லிட்டர். ஆக, ஆண்டுக்கு 175 கோடி பேரல். உலகச் சந்தையில் ஒரு பேரலின் விலை ஒரே ஒரு டாலர் ஏறி, அது வருஷம் முழுக்க அப்படியே நின்றால், நமக்குக் கூடுதல் செலவு சுமார் 1.75 பில்லியன் டாலர். கிட்டத்தட்ட மொத்தக் காபி ஏற்றுமதி வருமானம்! பறித்து, தோலுரித்து, காயவைத்து, மூட்டை கட்டிய எல்லாம் அந்த ஒரு டாலருக்குச் சரியாகப் போய்விடும். எண்ணெய் விலை ஒரே வாரத்தில் ஐந்து டாலர் ஏறி இறங்குவது சாதாரணம்.

மணலியிலிருந்து சங்ககிரி வழியாக...

இந்த எண்ணெய் எப்படி மலைக்கு வருகிறது?

சென்னை மணலியில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலையின் பழைய பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். 1965-ல் தொடங்கப்பட்ட நிறுவனம், ஆலை ஓட ஆரம்பித்தது 1969-ல். அப்போது அதில் பங்குதாரர்களாக இருந்தவர்கள் மூன்று பேர்: இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். அமெரிக்காவும் ஈரானும் ஒரே மேஜையில் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு மணலி சாட்சி. ஆண்டுக்கு 25 லட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலையாகத் தொடங்கியது, இன்று 1 கோடியே 5 லட்சம் டன்னுக்கு வளர்ந்து நிற்கிறது.

சென்னையிலிருந்து திருச்சி, மதுரைக்குப் பூமிக்கடியில் எரிபொருள் குழாய் போகிறது. அதன் ஒரு கிளை சேலம் மாவட்டம் சங்ககிரிக்கு வருகிறது. அங்கே இந்தியன் ஆயிலின் பெரிய எரிபொருள் முனையம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து பங்க்குகளுக்கு டேங்கர் லாரிகள் கிளம்புவது இங்கிருந்துதான். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு லாரிக் கதை இருக்கும். தென்னிந்தியா முழுக்க சமையல் எரிவாயுவை ஏற்றிச்செல்லும் புல்லட் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கம் இயங்குவதும் நாமக்கல்லில்தான். 2025 மார்ச் கடைசியில் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, தென் மாநிலங்கள் எல்லாம் சிலிண்டரை நினைத்துக் கவலைப்பட்டன.

சிலிண்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கச்சா எண்ணெய் மட்டும்தான் இறக்குமதி என்று நினைக்கிறோம். நாம் அடுப்பில் எரிக்கும் சமையல் எரிவாயுவில் சுமார் 60 சதவிகிதமும் கப்பலில் வருவதுதான், பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலிருந்து. விறகடுப்புப் புகையிலிருந்து பெண்களை மீட்க 2016-ல் உஜ்வலா திட்டம் வந்தது. 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் கொடுக்கப்பட்டன. நல்ல திட்டம், சந்தேகமே வேண்டாம். ஆனால், ஒவ்வொரு புது அடுப்பும் இறக்குமதிக் கணக்கில் ஒரு கோடு என்பதும் உண்மை. மலையில் கேஸ் தீர்ந்தால் காட்டில் சுள்ளி பொறுக்கலாம் என்று சொல்வது எளிது. சொல்கிறவர்கள் ஒருநாள் அந்தச் சுமையைத் தலையில் தூக்கிப் பார்க்கட்டும்.

மாட்டு வண்டியில் வந்த வாஜ்பாய், விமானத்தில் போன தங்கம்

இந்தப் பற்றாக்குறை நேற்று முளைத்தது கிடையாது. அசாமின் டிக்பாயில் 1889-ல் எண்ணெய் கிடைத்தது. 1901-லேயே அங்கே சுத்திகரிப்பு ஆலை. ஆசியாவின் ஆரம்பகால எண்ணெய் ஊர்களில் ஒன்று அது. ஆனாலும் நாட்டின் தேவைக்கு அது எந்தக் காலத்திலும் போதவில்லை.

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர். சில மாதங்களில் கச்சா எண்ணெய் பேரலுக்கு 3 டாலரிலிருந்து ஏறத்தாழ 12 டாலருக்குத் தாவியது. இந்தியாவில் பெட்ரோல் விலை எகிற, அந்த நவம்பரில் ஜனசங்கத் தலைவர் வாஜ்பாய் மாட்டு வண்டியில் ஏறி நாடாளுமன்றத்துக்கு வந்தார். பெட்ரோல் விலைக்கு எதிராக மாட்டு வண்டிப் போராட்டம் நடத்தும் வழக்கம் எல்லாக் கட்சிகளிடமும் இருக்கிறது. ஆளுங்கட்சி ஆனதும் வண்டி ஷெட்டுக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

அடுத்த வருஷமே ஓர் அதிர்ஷ்டம். 1974-ல் மும்பைக்கு அப்பால் கடலில் 'பாம்பே ஹை' எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1976-ல் உற்பத்தி தொடங்க, 80-களில் நாட்டின் தேவையில் பெரும்பங்கை உள்நாட்டு எண்ணெயே தாங்கியது. 'தன்னிறைவு' என்ற சொல்கூட அப்போது புழங்கியது.

பிறகு, 1990 ஆகஸ்ட் 2. குவைத்துக்குள் ஈராக் நுழைந்தது. நாம் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு நாடுகளும் ஒரே நாளில் போர்க்களம். எண்ணெய் விலை இரட்டிப்பானது. அங்கே வேலை பார்த்த லட்சக்கணக்கான இந்தியர்கள் வீடு திரும்ப, அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த அரசுக்கு இது பெரிய அடி. 1991-ல் கையிருப்பில் இருந்த டாலர், சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் விமானத்தில் லண்டனுக்குப் பறந்தது. அதை வைத்து வாங்கிய கடன் சுமார் 40 கோடி டாலர். இன்றைய கணக்கில் அது ஒரு நாள் எண்ணெய்ச் செலவுக்கே போதாது!

அந்த நெருக்கடிக்கு எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், கடைசியில் வாசல் கதவைத் தட்டியது எண்ணெய்தான்.

2013-லும் அப்படி ஒரு கட்டம் வந்தது. கச்சா எண்ணெய் பேரல் 100 டாலருக்கு மேல் வருஷக்கணக்கில் நின்றது. ரூபாய் மதிப்பு மளமளவென விழுந்தது. அப்போது பெட்ரோலிய அமைச்சராக இருந்த வீரப்ப மொய்லி, இரவில் பெட்ரோல் பங்க்குகளை மூடலாம் என்ற யோசனையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு புதன்கிழமைதோறும் மெட்ரோ ரயிலில் ஆபீஸ் போனார். கேமராக்கள் பின்னாலேயே ஓடின. இறக்குமதி குறையவில்லை.

ஏன் குறையவில்லை? உள்நாட்டு உற்பத்தி 2011-12-ல் 3.8 கோடி டன். 2024-25-ல் அது 2.9 கோடி டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. கிணறுகளுக்கு வயதாகிவிட்டது. இந்தப் பக்கம் பைக்கும் காரும் லாரியும் பல மடங்கு பெருகிவிட்டன. இந்த இரண்டு கோடுகளும் எதிரெதிர் திசையில் போகும்போது, நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப இறக்குமதியைத் தவிர வேறு வழியில்லை.

இறக்குமதி செய்கிறவர்களே ஏற்றுமதியும் செய்கிறோமே, எப்படி?

பலருக்கும் குழப்பம் தரும் இடம் இது. எண்ணெய் இல்லாத நாடு, 63 பில்லியன் டாலருக்கு எப்படி எண்ணெய்ப் பொருள் விற்கிறது?

கச்சாவாக வாங்கி, சுத்திகரித்து, டீசலாகவும் விமான எரிபொருளாகவும் விற்கிறோம். நெல் விளையாத ஊரில் பெரிய ரைஸ் மில் வைத்திருப்பதுபோல. குஜராத்தின் ஜாம்நகரில் 1999-ல் தொடங்கிய ரிலையன்ஸின் சுத்திகரிப்பு வளாகம் உலகின் மிகப்பெரியது. நாட்டின் மொத்தச் சுத்திகரிப்புத் திறன் ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல். இந்தத் தொழில் இல்லையென்றால் பற்றாக்குறை இன்னும் பெரிதாக இருக்கும். ஆனால் மில் எவ்வளவு பெரிதானாலும் நெல் விலையை அது தீர்மானிக்காது. 2020-21-ல், கொரோனா காலத்தில், சுமார் 19.6 கோடி டன் கச்சா எண்ணெய்க்கு 62 பில்லியன் டாலர் கொடுத்தோம். இரண்டே வருஷம் கழித்து, உக்ரைன் போர் தொடங்கிய பிறகான 2022-23-ல், சுமார் 23.3 கோடி டன்னுக்கு 158 பில்லியன் டாலர். அளவு ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, பில் இரண்டரை மடங்கு.

அந்தப் போர்தான் ரஷ்ய எண்ணெயையும் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரிக்கு முன்பு நம் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவிகிதத்துக்கும் குறைவு. மேற்கு நாடுகள் வாங்க மறுத்த எண்ணெயைத் தள்ளுபடியில் கொடுக்க, ஓரிரு வருஷத்தில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. பில் கொஞ்சம் இறங்கியது. ஆனால் 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இந்தியப் பொருள்களுக்குக் கூடுதலாக 25 சதவிகித வரி போட்டது. ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து 50 சதவிகிதம். அடி விழுந்த இடங்களில் ஒன்று, சேலத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருப்பூர். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அக்காவுக்கும் ரஷ்யாவின் கச்சா எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஆர்டர் குறைந்ததுதான் சம்பந்தம்.

அப்புறம் எப்படித்தான் சமாளிக்கிறோம்?

வருஷா வருஷம் இவ்வளவு பற்றாக்குறை இருந்தும் 1991 திரும்ப வரவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், மனிதர்கள். பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் ஐ.டி கம்பெனிகள் விற்கும் சேவைகள் ஒரு பக்கம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் இன்னொரு பக்கம். உலக வங்கிக் கணக்குப்படி 2024-ல் இந்தியாவுக்கு வந்த அப்படிப்பட்ட பணம் சுமார் 129 பில்லியன் டாலர். உலகத்திலேயே அதிகம். எண்ணெய்ப் பற்றாக்குறைத் தொகையும் இதுவும் ஏறத்தாழ ஒன்று.

ரிசர்வ் வங்கியின் ஆய்வு ஒன்று, இந்தப் பணத்தில் சுமார் 38 சதவிகிதம் வளைகுடா நாடுகளிலிருந்து வருவதாகச் சொல்கிறது. துபாயிலும் ரியாத்திலும் குவைத்திலும் வெயிலில் நிற்கும் கொத்தனார், எலெக்ட்ரீஷியன், டிரைவர், நர்ஸ். எண்ணெய்க்காக நாம் அந்த நாடுகளுக்குக் கொடுக்கும் டாலரில் ஒரு பங்கை, அவர்கள் வியர்வையைக் கொடுத்துத் திரும்ப வாங்கி வருகிறார்கள். 'எண்ணெய்ப் பற்றாக்குறை சமாளிக்கக்கூடிய அளவில் உள்ளது' என்று பொருளாதார அறிக்கைகள் சொல்லும்போது, சமாளிக்கிறவர்கள் யார் என்று எழுதுவதில்லை.

உள்ளூரிலேயே தோண்டினால் என்ன என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டில் பதில் இருக்கிறது. காவிரிப் படுகையில் நரிமணம், கமலாபுரம், குத்தாலம் என்று ஓ.என்.ஜி.சி பல வருஷமாக எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறது. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993-லேயே சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆனால் 2017-ல் புதுக்கோட்டை நெடுவாசலில் ஹைட்ரோ கார்பன் திட்டத்துக்கு எதிராக ஊரே திரண்டதை மறந்திருக்க மாட்டோம். 2020-ல் டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. சோறு போடும் மண்ணைக் கொடுத்து எண்ணெய் வாங்க அந்த மக்கள் தயாராக இல்லை. அவர்கள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாடு முழுக்க எல்லாக் கிணறுகளும் சேர்ந்தே 12 சதவிகிதம்தான் தருகின்றன. டெல்டாவைக் குடைந்தாலும் அந்த எண் பெரிதாக நகராது.

பங்க் போர்டில் தெரியாத விலை

பெட்ரோல் விலை 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு மாறும் என்றார்கள். சில வருஷம் மாறவும் செய்தது. 2022 மே மாதக் கடைசியிலிருந்து 2024 மார்ச் 15 வரை சென்னையில் பெட்ரோல் விலை அசையவே இல்லை: 102 ரூபாய் 63 காசு. அந்தக் காலத்தில் கச்சா எண்ணெய் 110 டாலருக்கு மேலேயும் போனது, 80 டாலருக்குக் கீழேயும் வந்தது. ஏறும்போது எண்ணெய் நிறுவனங்கள் நஷ்டத்தைத் தாங்கின. இறங்கும்போது லாபத்தை எடுத்துக்கொண்டன. சிலிண்டரிலும் அப்படித்தான். விலையை முழுதாக ஏற்றாததால் வந்த நஷ்டத்துக்கு, 2025 ஆகஸ்டில் 30,000 கோடி ரூபாய் இழப்பீட்டை ஒன்றிய அரசு அறிவித்தது. அது நம் வரிப்பணம். போர்டில் விலை மாறாவிட்டாலும் வேறு கதவு வழியாக நாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாம் போடும் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ பாதிதான் எண்ணெய்க்கான விலை. மீதி ஒன்றிய அரசின் கலால் வரி, மாநில அரசின் வாட், டீலர் கமிஷன். ஜி.எஸ்.டி-க்குள் பெட்ரோல், டீசலைக் கொண்டுவர எந்த மாநிலமும் அவசரப்படாததன் காரணம் இதுதான். 'பெட்ரோலைக் குறைவாகப் பயன்படுத்துங்கள்' என்று அரசு சொல்லும்போது, அதன் கஜானாவும் அந்த பெட்ரோலை நம்பித்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மாற்று வழிகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ரயில் பாதைகள் கிட்டத்தட்ட முழுக்க மின்மயமாகிவிட்டன. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2014-ல் 1.5 சதவிகித அளவில் இருந்தது, 2025-ல் 20 சதவிகிதத்தைத் தொட்டது. அதற்கும் விலை உண்டு. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். கரும்பு போதாமல் மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போக, நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவன விலை கூடியது. எரிபொருளில் மிச்சம் பிடித்தது முட்டையில் போய் உட்கார்ந்தது. முக்கியமாக, எத்தனால் பெட்ரோலில்தான் கலக்கிறது. இந்தியா எரிக்கும் பெட்ரோலியப் பொருள்களில் சுமார் 40 சதவிகிதம் டீசல். பஸ், லாரி, டிராக்டர், பிக்கப் எல்லாம் டீசல். மலையைத் தாங்குவதும் அதுதான்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு மாற்று இருக்கிறது. மெட்ரோ, ஷேர் ஆட்டோ, வீட்டிலிருந்து வேலை, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். செம்மநத்தத்தில் ஒருவர் தன் பெட்ரோல் செலவைக் குறைக்க வேண்டும் என்றால், பயணத்தைத்தான் குறைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டும், அல்லது காபியை மலையிலேயே வரும் வியாபாரியிடம் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும். நாட்டின் 88 சதவிகித இறக்குமதியில் இந்த மலையின் பங்கு கடுகளவு. சுமை மட்டும் கடுகளவாக இல்லை.

வேடிக்கை என்னவென்றால், எலெக்ட்ரிக் வண்டிக்கு மலைப்பாதை உண்மையில் பொருத்தமான இடம். ஏறும்போது பேட்டரியைத் தின்னும், சரிதான். ஆனால் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பேட்டரியில் ஏற்றிவிடும். டீசல் பஸ் இறங்கும்போது எதையும் டேங்குக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை, பிரேக்கைத்தான் சூடாக்குகிறது. நாட்டின் முக்கியமான எலெக்ட்ரிக் டூ-வீலர் தொழிற்சாலைகள் இருப்பதும் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும், சேலத்துக்குப் பக்கத்தில்தான். பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன, அதுவும் இறக்குமதிதான். ஆனால் பேட்டரியை ஒருமுறை வாங்கினால் பல வருஷம் ஓடும். டீசலை ஒவ்வொரு நாளும் வாங்க வேண்டும்.

2025 ஜூன் 30 அன்று தமிழ்நாட்டில் முதல்கட்டமாக 120 தாழ்தள எலெக்ட்ரிக் பஸ்கள் ஓடத் தொடங்கின, சென்னையின் சமதளச் சாலைகளில். 1,200 மீட்டர் ஏற்றமும் இறக்கமும் உள்ள ஏற்காடு பாதையில் டீசல் பஸ்தான் ஏறுகிறது, 20 வளைவுகளிலும் கியரைக் குறைத்துக் குறைத்து.